ஆர்லோ பென்விக்கின் இடது கை

கறை நடக்காது. பதினெட்டு வருஷமாகப் பழைய சினிமாக்களில் அழுக்கு எடுத்துப் பிழைக்கிறவன் குமரவேல். அவன் பார்த்த கறைகள் குதித்திருக்கின்றன, மின்னியிருக்கின்றன, கதாநாயகியின் கன்னத்தில் அம்மைத் தழும்பாக உட்கார்ந்து மானத்தை வாங்கியிருக்கின்றன. ஒன்றுகூட நடந்ததில்லை. இது நடந்தது. ஒல்லியாக, நெடுநெடுவென்று, தொப்பி வைத்த அமெரிக்க நடிகர் ஒருவர் திரையில் தெருவைக் கடந்தார். அவருடைய இடது கைக்குக் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கறை அவரோடு சேர்ந்து கடந்தது. அவர் நடைபாதை மேல் ஏறினார். கறை ஒரு கணம் பிந்தி ஏறியது, கால் குட்டையானவர்கள் ஏறுவதைப் போல.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு விதிதான் உண்டு. படம் என்பது நொடிக்கு இருபது சொச்சம் பிரேம் ஓடுவது. ஒரு பிரேமில் மட்டும் இருந்து அடுத்ததில் காணாமல் போனால் அது அழுக்கு, எடுத்துவிடலாம். அடுத்த பிரேமிலும், அதற்கடுத்ததிலும் இருந்தால் அது படம். கை வைக்கக் கூடாது. எடுக்கிற விதமும் எளிதுதான். பக்கத்துப் பிரேமிலிருந்து சுத்தமான துண்டு ஒன்றை நகலெடுத்து அழுக்கின் மேல் ஒட்ட வேண்டும். குமரவேல் இதில் கெட்டிக்காரன். ஒருமுறை ஒரு மகாராஜாவின் மூக்கில் உட்கார்ந்திருந்த ஈயை நானூறு பிரேமில் தடம் தெரியாமல் எடுத்தான். மறுநாள் மத்தியானம் அதே ஈ அவனுடைய தயிர்சாதத்தில் வந்து விழுந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஈயைப் பார்த்து அடையாளம் சொன்னால் யார் நம்புவார்கள்?

கம்பெனி மேடவாக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு காப்பகம், நூறு வருஷத்து ஊமைப் படங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். குமரவேல் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த தன் இரண்டாவது மாடி வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். அவன் தாத்தா நாற்று நட்ட இடத்தில் இப்போது லிஃப்ட் நிற்கிறது, பாதி நாள் நிற்க மட்டும்தான் செய்கிறது. நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதால் அறையின் ஜன்னலில் தடித்த கறுப்புத் திரை. உள்ளே பகலும் இல்லை இரவும் இல்லை. கீழே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற ராகம் கேட்டால் காலை, பள்ளிக்கூட வேன் ஹாரன் கேட்டால் சாயங்காலம்.

மேற்பார்வை பார்க்கிற யூனிஸுக்கு போன் செய்து, கறை நடக்கிறது என்றான்.

"ஸ்டெயின்னு சாஃப்ட்வேரே மார்க் பண்ணியிருக்குண்ணா. நீங்க ஏன் அதுக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

"எல்லா பிரேம்லயும் கூடவே வருதும்மா."

"வரட்டும். எங்க வருதோ அங்க எடுங்க. வெள்ளிக்கிழமை டெலிவரி."

யூனிஸ் சொன்னதால் எடுத்தான் என்று சொன்னால் அது பொய். விதியைக் காட்டி அவன் மறுத்திருந்தால் அவள் ஒத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கறையின் உயரம்தான் காரணம். எட்டு வயசுப் பிள்ளை ஒன்று பெரியவர் கையைப் பிடித்து நடந்தால் எவ்வளவு உயரம் இருக்குமோ, அவ்வளவு. அதை நாள் முழுக்க, பிரேம் பிரேமாக, இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

எழில் அவனுடைய ஒரே பையன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில், எட்டு வயசில், டெங்கு வந்தது. ஆறே நாளில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிய ஓட்டத்தில் அவன் மனைவி கீதாவின் போன் ஒரு ஷேர் ஆட்டோவில் தொலைந்தது. பையன் தவழ்ந்தது, நடந்தது, பல் விழுந்தது எல்லாம் அதில்தான் இருந்தது. நாள் முழுக்கப் படம் பார்த்துச் சலித்த குமரவேல் தன் போனில் எதையும் எடுத்ததில்லை. தப்பியது ஒரே ஒரு வீடியோ, அதுவும் வெளிச்சம் போதவில்லை என்று சரிசெய்வதற்காகக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தது. நாற்பத்தோரு விநாடி. சேலையூர் ஏரிக்கரையில் கீதாவும் எழிலும் கேமராவை நோக்கி நடந்து வருவார்கள். கீதாவின் இடது கையை அவன் பிடித்திருப்பான். கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "போதும்ப்பா, கால் வலிக்குது, தூக்கிக்கோ" என்பான். தூக்குவதற்காகத்தான் குமரவேல் அந்த வீடியோவை நிறுத்தினான்.

தினமும் நாலு மணிக்குக் கீதா டீயோடு அந்த அறைக்குள் வருவாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று அதை ஒரு தடவை பார்ப்பாள். ஒரே தடவைதான். அடிக்கடி பார்த்தால் தேய்ந்துவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். கம்ப்யூட்டரில் இருப்பது தேயாது என்று குமரவேல் பலமுறை விளக்கிவிட்டான். "தேயாததுன்னு இன்னா கீது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் விளக்கவில்லை.

ஆக, எடுத்தான். சித்திரையில் தொடங்கிப் புரட்டாசி முடிய, ஒன்பது படங்கள், லட்சம் பிரேமுக்கு மேல். ஆர்லோ பென்விக் என்கிற அந்த நடிகர் அவன் கண் முன்னால் மெல்ல மூப்படைந்தார். முதல் படத்தில் கடைநிலைக் குமாஸ்தா, நாலாவதில் கதாநாயகன், ஏழாவதில் அவர் பெயர் மட்டும் திரையை நிறைத்தது, ஒன்பதாவதில் கண்ணுக்குக் கீழே மாவு அப்பியும் மறையாத பை. எல்லாவற்றிலும் இடது கையை உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கி, விரல்களை லேசாக மடக்கியே நடந்தார். எல்லாவற்றிலும் அதன் அடியில் கறை வந்தது. குமரவேல் காலித் தெருவை நகலெடுத்து அதன் மேல் ஒட்டினான், காலிச் சுவரை ஒட்டினான், காலித் தரையை ஒட்டினான். கறை போன பிறகு அந்தக் கை எதையோ கேட்டு நீட்டியபடி தனியாகத் தொங்கியது. வேலை சுத்தம் என்று அமெரிக்காவிலிருந்து பாராட்டு வந்தது. யூனிஸ் அதை எல்லாருக்கும் அனுப்பினாள்.

ஐப்பசி பிறந்ததும் பத்தாவது வந்தது. பென்விக்கின் கடைசிப் படம், வெளிவராதது, மிஞ்சியது ஒரே ஒரு சுருள். ஒரு விருந்துக் காட்சி. கடைசியில் நீண்ட சாலையில் அவர் முதுகைக் காட்டி நடந்து போவார். அவ்வளவுதான். இதில் கறையே இல்லை. குமரவேல் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

மூச்சை உள்ளே இழுத்தபோதுதான் கற்பூர வாசனை தெரிந்தது.

"உள்ளாற கற்பூரம் ஏத்துனீங்களா?" என்று டீயோடு வந்த கீதா கேட்டாள். அவன் இல்லை என்றான். அந்தக் காலத்துப் படச்சுருளில் கற்பூரம் கலந்துதான் செய்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இங்கே வந்தது சுருள் இல்லை, ஒயர் வழியாக வந்த ஃபைல். வெளியே ராஜகீழ்ப்பாக்கம் முழுக்க மழையில் நனைந்து, சாக்கடையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் ஜன்னல் திரையின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து அந்தக் கற்பூரம், அணைந்த தட்டிலிருந்து வருவதுபோல் ஆறிப்போன கற்பூரம், அவன் சட்டைக் காலருக்குள் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் விருந்துக் காட்சியை ஓட்டினான். எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, பென்விக் நின்றார். இடது பக்கம் குனிந்து பார்த்தார். மேஜை விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். நேற்று அவர் இதைச் செய்யவில்லை. குமரவேல் பிரேம் எண்ணிக்கையைப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பிரேம் கூடியிருந்தது. வாடகை ஏறும், தாடி வளரும். நூறு வருஷத்துப் படம் ராத்திரியோடு ராத்திரியாக வளராது.

யூனிஸ் போன் செய்தாள். கிளையண்ட் பரவசத்தில் இருக்கிறார்களாம். சுத்தம் செய்த ஒன்பது படத்திலும் இதுவரை யாரும் கவனிக்காத நுணுக்கமான நடிப்பெல்லாம் தெரிகிறதாம். வண்டிக்கு அடியில் பார்க்கிறார், கதவுக்குப் பின்னால் பார்க்கிறார், கூட்டத்தில் நின்று யாரையோ கூப்பிடுகிறார்.

"நீங்க ஏதாவது சேத்தீங்களாண்ணா?"

"நான் அழுக்கு எடுக்கறவன்மா."

"அப்ப அந்தாளு யாரைத் தேடுறாரு?"

ஒவ்வொரு வேலையோடும் காப்பகம் ஒரு குறிப்பை இணைத்து அனுப்பும். இணைப்பைத் திறக்கிற வழக்கம் அந்தக் கம்பெனியில் யாருக்கும் கிடையாது. அழுக்குக்கு எதற்கு வரலாறு? அன்றைக்குக் குமரவேல் திறந்தான். இரண்டே பக்கம்.

பென்விக் கூடார நாடகக் கம்பெனிகளில் தொடங்கியவர். மேடையில் நீளமான கோட்டுப் போட்டு வருவார். கோட்டுக்குள்ளிருந்து அவருடைய சின்னப் பையன் வருவான். ஜனங்கள் அதற்கே கூரை பறக்கச் சிரித்தார்கள். சினிமா கூப்பிட்டது. அப்பனும் பிள்ளையும் கை கோத்து ஆறு படம் நடித்தார்கள். அந்த ஆறும் ஒரு கிடங்குத் தீயில் எரிந்துபோயின. விஷக் காய்ச்சல் பரவிய வருஷத்தில் பையன் இறந்தான், எட்டு வயசு. பதினோராவது நாள் பென்விக் படப்பிடிப்புக்கு வந்தார், இடது கையை அப்படியே நீட்டிக்கொண்டு. அது புது ஸ்டைல் என்று ஊரே நினைத்தது. பையன்கள் தெருவில் அதேபோல் நடந்து காட்டினார்கள். பத்து வருஷம் கழித்துப் பேசும் படம் வந்தபோது, குரல் எப்படி என்று பார்க்க அவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் இடது பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். நிமிர்ந்து, "மன்னிக்கணும், அவனுக்குப் பேச இஷ்டமில்லை" என்றார். அதோடு தொழில் முடிந்தது. பிறகு ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. தனக்கும் தினமும் டிக்கெட் வாங்குவாராம். இரண்டு.

குமரவேல் அந்த இரண்டு பக்கத்தையும் மூடிவிட்டு வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு பிசைந்து சாப்பிடுகிற கைதான். அதே கை ஒரு பிள்ளையை எடுத்திருக்கிறது, லட்சம் தடவை.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கீதா வந்து பின்னால் நின்றாள். ஏரிக்கரை ஓடியது. முடிந்ததும் வழக்கம்போல் அவள் போகவில்லை.

"பின்னாடி கரை மேல நிக்கிறது யாரு?"

தூரத்தில், பனைமரத்துக்குப் பக்கத்தில், இன்னொரு பனைமரம் போல ஒல்லியாக ஒருவர். அவரைச் சுற்றியிருந்த புல் பச்சை, ஏரி நீலம். அவர் மட்டும் சாம்பல். யாரோ நடைப்பயிற்சி போகிறவர் என்றான் குமரவேல். இரண்டு வருஷமாக இல்லாத நடைப்பயிற்சியா என்று அவள் கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் பனைமரத்தைத் தாண்டியிருந்தார்.

அன்று முழுக்க உட்கார்ந்து அவரை எடுத்தான். ஆயிரத்து இருநூறு பிரேம். ஏரித் தண்ணீரை நகலெடுத்து அவர் மேல் ஒட்டினான். புதன்கிழமை அவர் திரும்ப வந்திருந்தார், இன்னும் அருகில். தொப்பியின் பட்டி தெரிந்தது. கோட்டின் தோள்மடிப்பு தெரிந்தது. வீடியோவை இன்னொரு டிஸ்க்கில் போட்டுப் பார்த்தான், அங்கேயும் வந்தார். கம்ப்யூட்டரை அணைத்தான். அணைந்த திரையின் கறுப்புக்குள்ளிருந்து கற்பூரம் வந்தது.

கறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. யூனிஸிடம் அசல் ஸ்கேனைக் கேட்டான். ஒப்புதல் வந்ததும் சர்வரில் அழித்துவிடுவார்கள் என்றாள், ஏன் குரல் ஒருமாதிரி இருக்கிறது என்றும் கேட்டாள். காப்பகத்துக்கு எழுதினான். ஸ்கேன் செய்யும்போதே சுருள்கள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டன, பாதுகாப்பாகப் புதைத்துவிட்டோம், ஸ்கேனிலும் நீங்கள் சுத்தம் செய்ததை மட்டுமே வைத்திருக்கிறோம், தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்த மனுஷனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு கறை. அதை எடுத்தவன் இவன். திருப்பிக் கொடுக்க அது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

கையாலேயே ஒன்று வரைந்தான். சாம்பல் நிறத்தில், எட்டு வயசு உயரத்தில், பத்தாவது படத்தின் கடைசிச் சாலையில் பென்விக்கின் இடது கைக்குக் கீழே வைத்தான். பென்விக் நின்றார். குனிந்து அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். திரைக்கு வெளியே, நேராகக் குமரவேலைப் பார்த்தார். கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைப் பார்க்கிறவர்களின் முகம். குமரவேலுக்கு அந்த முகத்தைத் தெரியும். அதை ஆறு நாள் அவனே வைத்திருந்தான்.

வியாழக்கிழமை வீடியோவில் அவர் எழிலுக்குப் பத்தடி பின்னால் இருந்தார். கை நீண்டிருந்தது. எழிலின் மற்றொரு கை, யாரும் பிடிக்காத கை, காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க," என்றாள் கீதா. "புள்ள பக்கத்துல வராரு. ஏதாவது பண்ணுங்க. நீங்கதான எடுப்பீங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை வலுத்தது. ஜங்ஷன் பக்கம் பஸ் சத்தம்கூட அடங்கிப்போயிருந்தது. குமரவேல் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். அவருக்கு ஒரு பிள்ளையின் சாயல் வேண்டும். வரைந்தது ஆகாது, பிள்ளையாகவே இருந்ததிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். எழிலின் உருவத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால் போதும். கத்தரிக்கப் போவதில்லை. நகல்தான். பதினெட்டு வருஷமாக நகலெடுத்து ஒட்டியிருக்கிறான்; எடுத்த இடம் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை.

எழிலைச் சுற்றிக் கோடு இழுத்தான். காது, முட்டி, வார் பிய்ந்த செருப்பு. நகல் எடுத்தான். நிறத்தைக் கழித்துச் சாம்பலாக்கினான். கண்ணை மங்கலாக்கினான். மூக்கை. வாயை. முகம் ஒரு கறையாகிற வரைக்கும் அழித்தான். அப்போது அவன் அழுதான் என்று சொல்லத் தேவையில்லை, சொல்லாவிட்டாலும் தெரியும். பிறகு அதைக் கடைசிச் சாலையில், அந்த இடது கைக்குக் கீழே வைத்தான்.

பென்விக் குனிந்து பார்த்தார்.

விரல்கள் மூடிக்கொண்டன.

குமரவேல் எதையும் அழுத்தவில்லை. படம் தானாக ஓடியது. அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அறையில் கற்பூரம் சட்டென்று நின்றுபோய், வெறும் மழை வாசனை வந்தது. முடிந்தது. அவன் வீடியோவைத் திறந்தான். ஏரிக்கரையில் அந்த ஆள் இல்லை. பனைமரம், புல், தண்ணீர். யாருமில்லை.

கீதா மட்டும் கேமராவை நோக்கி நடந்து வந்தாள்.

தனியாக. இடது கையை உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கி. விரல்களை மடக்கி. கீழே பார்த்துப் பார்த்து எதற்கோ சிரித்தபடி.

நாற்பத்தோராவது விநாடியில் குரல் வரவில்லை. காற்று இரைந்தது. வீடியோ நின்றது.

கதவு திறந்தது. மணி நாலு. டீ டம்ளரோடு கீதா எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் டம்ளரை மேஜை மேல் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள்.

"அவன் எங்கங்க?"

கம்ப்யூட்டர் திரையின் இன்னொரு கட்டத்தில் பத்தாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. குமரவேல் அதைக் கை காட்டினான்.

நீண்ட சாலை. நெடிய முதுகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் இடது கையில் எழில். குமரவேல் அழித்த கண்ணும் மூக்கும் வாயும் தெளிவாகத் திரும்பி வந்திருந்தன. கை இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் அவன் உடம்பை முறுக்கித் திரும்பிப் பார்த்தான். பெரிய எட்டுகள். அவன் ஓடவேண்டியிருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொன்னான்.

கீதா திரை முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். அந்த உதடுகளை இரண்டு வருஷமாக நாளுக்கு ஒரு தடவை பார்த்தவள் அவள்.

"இது ஏரிக்கரையில சொன்னது இல்ல," என்றாள். "வேற என்னமோ சொல்றான். இன்னா சொல்றான்னு பாருங்க."

ஊமைப் படத்தில் ஒருவர் பேசினால் உடனே ஒரு கறுப்பு அட்டை வரும், அவர் சொன்னது அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். எழில் வாயை மூடினான். அட்டை வந்தது. இரண்டு பேரும் படிப்பதற்காகக் குனிந்தார்கள்.

கறுப்பு. ஓர் எழுத்து இல்லை. ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. அத்தனை சுத்தம்.

மறுபடி சாலை வந்தது. பையன் இன்னும் தூரம் போயிருந்தான். திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான்.